காலியாகத் திரும்பிய தூக்குவாளி

1978ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, ஆம்பூர் பழைய மண்டித் தெருவில் குடியிருந்த சுந்தர்ராஜின் இடதுகால் பெருவிரல் வலி, ஒரு பித்தளைத் தூக்குவாளியில் ஏறித் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு கலீமுல்லாவின் இடதுகால் பெருவிரலுக்குப் போய்ச் சேர்ந்தது. வாளியை எடுத்துப் போனவர் சுந்தர்ராஜின் மனைவி டோரதி. தெருவின் அகலம் இருபதடி. அந்த இருபதடியும் டோரதி நொண்டிக்கொண்டுதான் போனார். புதுச் சேலை தடுக்குகிறது என்று நினைத்துக் கொசுவத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். வாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நேராக நடந்து வந்தார்.

இந்தக் காயத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். சுந்தர்ராஜ் மாடிப்படியில் தவறி விழுந்தார் என்றும், யாரோடோ கைகலப்பு என்றும் பேச்சு இருந்தது. இரண்டும் பொய். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரோடும் கைகலந்ததில்லை. அவர் தோல் பதனிடும் ஆலை ஒன்றில், ஊர்ப்பேச்சில் தோல் ஷாப்பில், செலக்டராக இருந்தார். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, உப்புத்தோல் எடை போடும் தராசிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று நழுவி அவர் காலில் விழுந்தது. அவர் கத்தவில்லை. கல்லை எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். எலும்பு முறியவில்லை, நகம் விழுந்து முளைக்கும், ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு வாரம்தான் நடக்காத காரியம். பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை வேலூரில் சபைகளின் கீத விழா.

அந்த விழாவில் சுந்தர்ராஜின் குடும்பம் உட்காருவதில்லை. 1931இல் நடந்த முதல் விழாவுக்கு அவருடைய தகப்பனார் ஜெபமணி போனபோது, நாற்காலிகள் உத்தியோகஸ்தர்களுக்கு, தோல் ஷாப்புக்காரர்களுக்குப் பின்னால் பாய் விரித்திருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னார். ஜெபமணி பாயில் உட்காரவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. இடதுபக்கச் சுவரோரம் போய், சுவரில் சாயாமல், மூன்று மணி நேரம் நின்று எல்லாப் பாட்டையும் கேட்டார். அடுத்த ஆண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு நின்றார். முதல் விழா தொடங்கி நாற்பத்தேழு ஆண்டுகளாக, அந்தக் குடும்பத்தில் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். மஞ்சள் காமாலையோடு நின்றதுண்டு. கல்யாணமான மறுநாள் நின்றதுண்டு. ஜெபமணி காலமான பிறகு அந்தப் பொறுப்பு சுந்தர்ராஜுக்கு வந்தது. சுவரோரம் வெறுமையாகக் கிடந்தால் நாற்காலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். சனிக்கிழமை கொல்லையில் நின்று பழகிப் பார்த்தார். பதினொரு நிமிடம் நின்றார். பன்னிரண்டாவது நிமிடம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் பாயா வந்தது. கலீமுல்லா அதே ஷாப்பில் தோல் ஊறும் பட்டைத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. கல் விழுந்ததைப் பார்த்தவர். காலுக்குக் கால்தான் மருந்து என்று சொல்லி அவர் மனைவி வஹீதா கொடுத்தனுப்பினார். பழைய மண்டித் தெருவில் பாத்திரத்தைக் காலியாகத் திருப்புகிற வழக்கம் கிடையாது. பலகாரம் இருந்தால் பலகாரம், இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழம், அதுவும் இல்லாவிட்டால் அடியில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக டோரதி அதில் தவறியதில்லை. ஆனால் அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆராதனை; அதற்குள் சுந்தர்ராஜின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்; அவர் காலை ஷூவுக்குள் நுழைக்க வேறு வழி தேட வேண்டும். அவசரத்தில் வாளியைக் கழுவி, மூடி, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வாளி வெறுமையாகப் போக மறுத்தது. வீட்டில் யாருக்கும் வேண்டாத பொருள் அன்று ஒன்றுதான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போயிற்று. என்ன வந்திருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தவர் கலீமுல்லா.

சுந்தர்ராஜ் ஷூவுக்குள் காலை விட்டார். விரல் கறுத்து வீங்கியே இருந்தது. வலி மட்டும் இல்லை. கர்த்தர் இரங்கினார் என்று நினைத்தார். ஆராதனை முடிந்து பத்து மணிக்குத் திரும்பும்போது, கலீமுல்லா தன் வீட்டு வாசலில் டீ கிளாசோடு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். ஏன் நிற்கிறீர்கள், உட்காருங்கள் என்று சுந்தர்ராஜ் மரியாதைக்குச் சொன்னார்.

"உக்காந்தா ஜாஸ்தியா வலிக்குதுண்ணே. இது உங்க ஊட்டு வலி. நாற்காலியக் கண்டாலே ஆவல இதுக்கு."

சுந்தர்ராஜ் தன் காலைப் பார்த்தார், கலீமுல்லாவின் காலைப் பார்த்தார். பிறகு திரும்பி டோரதியைப் பார்த்தார். டோரதி வாயில் கைவைத்துக்கொண்டு, சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்றார்.

நடந்தது இன்னது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, வெட்கப்படுவதற்குத்தான் இருந்தது. பாயா அனுப்பிய வீட்டுக்குப் பதிலாக வலியை அனுப்பிய குடும்பம் என்று ஒரு பெயர் வந்தால், ஜெபமணி நின்ற நிற்பெல்லாம் வீண். சுந்தர்ராஜ் எதிர்வீட்டுப் படியில் ஏறினார்.

"பாய், எங்க பொருள் ஒண்ணு தவறி இங்க வந்துட்டுது. குடுத்துருங்க."

"வாளியில வச்சு அனுப்பினதத் திருப்பிக் கேக்குறது உங்க ஊட்ல பழக்கமாண்ணே? எங்க ஊட்ல வந்ததத் திருப்பிக் குடுக்குறது பழக்கமில்ல."

"கேலி பேசாதீங்க. நான் இன்னிக்கி வேலூர் போவல."

"போவலன்னா நான் எதுக்கு இத வச்சிக்கினு நிக்கிறேன்?" என்றார் கலீமுல்லா. "இன்னிக்கி எனக்கு எங்கயும் போற வேலை இல்ல. சும்மா கெடக்குற கால்ல கெடக்கட்டும். நீங்க போய் நின்னுட்டு வாங்க."

டோரதி உள்ளே ஓடிப்போய் ஒரு படி சர்க்கரை கொண்டுவந்தார். வஹீதா அதை வாங்கவில்லை. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பதில் வாங்குவது மரியாதை இல்லை, அக்கா, என்று சொல்லிவிட்டார்.

ஒன்றரை மணி பஸ்ஸில் சுந்தர்ராஜும் டோரதியும் வேலூர் போனார்கள். அந்த ஆண்டு விழா நன்றாக நடந்தது. காவேரிப்பாக்கத்துச் சபையார் ஏரி நிரம்பிய சந்தோஷத்தில் ஒரு பாட்டு அதிகமாகப் பாடினார்கள். பேரணாம்பட்டுப் பெண்கள் குழுவுக்குத்தான் கைதட்டல் அதிகம். காலில் அடி என்று கேள்விப்பட்டேன், இன்றைக்காவது உட்காரக் கூடாதா என்று பெரியவர் ஒருவர் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். காலில் ஒன்றுமில்லை என்றார் சுந்தர்ராஜ். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லத்தான் அவருக்குக் கூச்சமாக இருந்தது. நின்றால் வரும் கால்கடுப்புகூட இல்லாமல் அவர் மூன்று மணி நேரம் நின்ற முதல் விழா அது. ஒரு பாட்டும் அவர் காதில் ஏறவில்லை. ஆம்பூரில் ஒருவர் இந்நேரம் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருப்பார் என்ற நினைப்பே மனதில் இருந்தது.

திங்கட்கிழமை முதல் அந்தப் பொருளைத் திரும்பப் பெறும் முயற்சி தொடங்கியது. வலி வர வேண்டுமானால் எதிர்வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் காலியாக வர வேண்டும். அதனால் டோரதி மீன்குழம்பு அனுப்பினார். வாளி பேரீச்சம்பழத்தோடு வந்தது. அதிரசம் அனுப்பினார். சேமியா வந்தது. பதினொரு நாள் இப்படியே நடந்தது. இரண்டு வீட்டாருக்கும் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. கலீமுல்லா பட்டைத் தொட்டிகளுக்கு நடுவே நொண்டிக்கொண்டே வேலை வாங்கினார். மேஸ்திரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், விருந்தாளி வந்திருக்கிறார் என்றார்.

பன்னிரண்டாம் நாள் சுந்தர்ராஜ் தானே வாளியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அவர் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் சர்க்கரை இல்லாமல்தான் டீ குடிப்பார்கள். யார் வீட்டிலும் எதையும் கேட்டதில்லை. கதவைத் திறந்த வஹீதாவிடம் வாளியை நீட்டினார்.

"இதுல ஒண்ணும் போடாம அனுப்பும்மா. கேட்டு வாங்கிக்கிறேன்."

வஹீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க கேட்டா எப்படிண்ணா இல்லன்னு சொல்றது" என்று சொல்லி, வாளியை உள்ளே கொண்டுபோய், கழுவி, மூடி, காலியாகக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிய முதல் பொருள் அது. சுந்தர்ராஜ் தெருவை நொண்டியபடி கடந்தார். அவர் முதுகு அப்போதும் நிமிர்ந்தே இருந்தது.

விரல் ஆறிவிட்டது. சித்திரையில் புது நகமும் முளைத்தது. ஆனால் வலி, இடம் மாறி இடம் மாறி நாள் கணக்கு தவறிப்போனதால், ஆற வேண்டிய நேரத்தைத் தாண்டிவிட்டது. அது போகவில்லை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு வீட்டாரும் அதற்கேற்ப வருஷத்தை வகுத்துக்கொண்டார்கள். ரம்ஜான் மாதம் முழுவதும் அது சுந்தர்ராஜிடம் இருக்கும். கலீமுல்லா தொழுகையில் நெடுநேரம் நிற்க வேண்டும். கீத விழாவுக்கு முந்தின நாள் அது கலீமுல்லாவிடம் போகும். கலீமுல்லாவின் தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகச் சுந்தர்ராஜிடம் இருந்தது. 1980இல் ஒரு புதிய டாக்டர் ஊசி போட்டால் போய்விடும் என்றார். இன்னொருவருக்கும் உரிமையுள்ள பொருள், அவரைக் கேட்காமல் முடியாது என்று சுந்தர்ராஜ் எழுந்து வந்துவிட்டார். கலீமுல்லாவைக் கேட்கவும் இல்லை.

1981 ஜனவரி 18ஆம் தேதி கீத விழாவும் நபி பிறந்தநாள் ஊர்வலமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. ஒருவர் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். மற்றவர் ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். வலி என்னிடமே இருக்கட்டும் என்று சுந்தர்ராஜ் சொன்னார். அது நியாயமில்லை, என்னிடம் அனுப்புங்கள் என்று கலீமுல்லா சொன்னார். இரண்டு பேரும் தெருவின் இரண்டு பக்கமும் நின்று ஒரு வாரம் வாதாடினார்கள். விழா நாள் காலையில் டோரதி யாரையும் கேட்காமல் வாளியைக் காலியாக எடுத்துப் போனார். கலீமுல்லா கைநீட்டுவதற்குள் வஹீதா அதைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்துவிட்டார். அன்று அவர் ஊர்வலத்தில் வந்தவர்களுக்கு மூன்று பெரிய தேக்சா சோறு வடித்தார், அடுப்படியிலிருந்து வாசலுக்கு நாற்பது தடவை நடந்தார். மறுநாள் வலியைப் பற்றி விசாரிக்க இரண்டு ஆண்களும் சேர்ந்து போய் நின்றபோது, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதுக்காண்ணா நீங்க ரெண்டு பேரும் மூணு வருஷமா இவ்ளோ பேஜார் பண்ணிக்கினீங்க?"

விழாவில் சுந்தர்ராஜ் நின்ற ஆண்டுகளில் எல்லாம் டோரதியும் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதும், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதும் அன்றுதான் சுந்தர்ராஜுக்கு உறைத்தது. அதன் பிறகு வலி நான்கு பேருக்கும் பொது ஆயிற்று.

1986இல் கலீமுல்லாவுக்குப் பேரணாம்பட்டில் ஒரு பெரிய ஷாப்பில் வேலை கிடைத்துக் குடிபோக வேண்டியதாயிற்று. சாமான்களை லாரியில் ஏற்றும் நாளில் வலி யாரிடம் தங்குவது என்ற வழக்கு வந்தது. கல் விழுந்தது என் காலில் என்றார் சுந்தர்ராஜ். முறைப்படி வாளியில் வைத்து எனக்கு வந்தது என்றார் கலீமுல்லா. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வலி இல்லாமல் இருக்கப் போகிறவருக்கு அடுத்தவரைப் பார்க்கப் போக ஒரு காரணம் இருக்காது என்பதை இருவரும் வெளியே சொல்லவில்லை. லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். கடைசியில் டோரதிதான் போய் பேரணாம்பட்டு பஸ்ஸின் கண்டக்டர் முனிரத்தினத்திடம் பேசி வந்தார். முனிரத்தினம் விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டு, வாளி கையில் இருக்கும் வரைக்கும்தானே என்று ஒன்றே ஒன்று கேட்டார். ஆமாம் என்றார் டோரதி. முக்கால் மணி நேரந்தானே, கொடுங்க, என்றார் அவர்.

இப்போது மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை, ஒன்பதரை மணி வண்டியில் வாளி போகிறது; அடுத்த மாதம் திரும்பி வருகிறது. அன்று முனிரத்தினம் இடது காலை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்து டிக்கெட் கொடுப்பார். உட்காரமாட்டார். வழக்கமாக வருகிற பயணிகள் வாளி அந்தப் பக்கம் போகிறதா, இந்தப் பக்கம் வருகிறதா என்று கேட்பார்கள், அவர் சொல்வார், கூட்டம் வழிவிட்டு நிற்கும். பேரணாம்பட்டில் வஹீதா நிறுத்தத்திலேயே காத்திருப்பார். வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முனிரத்தினம் நேராக நடந்து வந்து, படியில் ஏறி விசில் கொடுப்பார். வண்டி கிளம்பும்.