இன்னாசி மடக்கிக்கொண்ட கால்

பெரிய வியாழனன்று காலையில், இன்னாசி கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலப் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். இந்த வருடம் உபதேசியார் வாசித்த பெயர்களில் அவனுடையதும் ஒன்று. சாமியார் கழுவப்போகும் காலை வீட்டிலேயே சுத்தமாகக் கழுவிக்கொண்டுதான் போகவேண்டும் என்பது பாலக்கோட்டு மாதா கோயிலில் எழுதாத சட்டம். சர்க்கரை ஆலை ஃபிட்டரின் காலில் ஏறிய கிரீஸ் லேசில் இறங்குமா?

அவன் மனைவி பிலோமினா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நாளாக இருந்தால் வெந்நீர் வைத்துக் கொடுத்து, கேலியும் செய்திருப்பாள். இப்போதோ, "சோறு எடுத்து வெச்சிருக்கு", "சாவி ஆணியில இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சால் வந்தது. இன்னாசியின் அண்ணன் சவரிநாதன் சாமியாரை அழைத்துப் புது வீட்டை மந்திரித்த அன்று, பந்தியில் யாரோ பிலோமினாவின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். "அவளுக்கென்னா, ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க அத்தன பேரு குரலும் அத்துப்படி" என்றான் இன்னாசி. பந்தியே சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பிலோமினாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது, "வெளாட்டுக்குச் சொன்னேன், அதுக்குப் போயி மூஞ்சத் தூக்குறியே" என்றான். அவ்வளவுதான்.

சேலம் எக்ஸ்சேஞ்சில் ஓர் இடம் காலி என்பது இன்னாசிக்கும் தெரியும். அங்கே ஆபரேட்டராக இருந்த தோழி சுல்தானா, தங்குவதற்குத் தன் வீட்டிலேயே ஓர் அறையும் தருவதாகச் சொல்லியிருந்தாள். நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போனால் பிலோமினா தனியாகத்தான் போவாள். திரும்பி வருவாளா என்பது அவளுக்கே தெரியாது.

"ஒன்னு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"நேத்து ஒரு தக்காளி மண்டிக்காரரு பெங்களூருக்கு டிரங்க் கால் கேட்டாரு. நம்பரச் சொல்லாம, 'என் குரலு தெரியுதா பாரு'ன்றாரு. பின்னாடி நாலு பேரு சிரிக்கிறாங்க. உங்க வெளாட்டு மண்டி வரைக்கும் போயிருக்குது."

செங்கல் தேய்க்கும் சத்தம் நின்றது. இன்னாசி ஒரு காலைத் தேய்த்ததோடு, இன்னொரு காலைத் தேய்க்காமலே எழுந்து ஆலைக்குப் போய்விட்டான். பிலோமினா அந்த நிமிடமே மனதுக்குள் சேலம் பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைசி நாற்காலிக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரால், யூதாசு நாற்காலி என்று பெயர். அதில் உட்காராமல் தப்பிக்க ஆண்கள் முன்கூட்டியே வந்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து ஓடிவந்த இன்னாசிக்கு அதுதான் கிடைத்தது. பெண்கள் பக்கத்தில் கிசுகிசுவென்று சிரிப்பு எழுந்தது. பிலோமினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சாமியார் ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்து இன்னாசியின் முன்னால் முழங்காலிட்டார். இன்னாசி காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"வேணாங்க சாமி."

"கால் கழுவ வேணாம்னு சொன்ன பேதுரு அங்க முதல் நாற்காலியில இருக்காரப்பா" என்றார் சாமியார் மெல்ல. "நீ காலைக் குடு."

"அதில்லீங்க. ஒருத்தர நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்திட்டு, இங்க வந்து மரியாதையா காலை நீட்டிக்கினு குந்தியிருக்கேன். மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுறேங்க."

சொல்லிவிட்டு எழுந்தவன், ஒரு கால் சுத்தமும் ஒரு கால் கிரீஸுமாக நடுவழியைக் கடந்து பெண்கள் பக்கம் வந்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அந்த நடுவழியைத் தாண்டியதில்லை.

"பிலோமி, அண்ணன் வூட்டுப் பந்தியில நான் பேசுனது தப்பு. சிரிச்சவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அதனாலதான் வூட்டுல கேக்காம இங்க கேக்குறேன்."

"என்னாங்க இது? சாமி தண்ணியோட நிக்கிறாரு. போய் உக்காருங்க."

"நீ ஒரு வார்த்த சொல்லு."

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு மாதம்மாள் அவள் முதுகில் இடித்தாள். "சொல்லித் தொலையேன்டி, நீ மனசு எறங்குறதுக்குள்ள ஈஸ்டரே வந்துடும்."

பிலோமினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சரி, போங்க" என்றாள். ஆண்கள் பக்கத்தில் சவரிநாதன் தலையைக் குனிந்து எதையோ தேடுவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

சாமியார் இன்னாசியின் இரண்டு கால்களையும் கழுவினார். ஒரு காலுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. வெள்ளைத் துண்டில் கறுப்புக் கறை ஏறியது. யாரும் சிரிக்கவில்லை.

பூசை முடிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த இன்னாசி வீடு வரும் வரைக்கும் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்டான்: "சேலம்?"

"நாளைக்குப் பேசுறேன்" என்றாள் அவள்.

மறுநாள் பெரிய வெள்ளி. எக்ஸ்சேஞ்சுக்கு ஏது விடுமுறை? காலையிலேயே அந்த மண்டிக்காரர் லைனில் வந்தார். "பெங்களூரு குடும்மா" என்று நம்பரை மட்டும் சொன்னார். குரலில் ஒரு பவ்யம். இன்னாசி அங்கே போயிருந்தானா, கோயிலில் நடந்தது பஜார் முழுக்கப் பரவிவிட்டதா என்று அவள் விசாரிக்கவில்லை. இணைப்பைக் கொடுத்துவிட்டு, சேலத்தைக் கூப்பிட்டாள்.

"சுல்தானா, நான் வரலடி."

"ஏண்டி, ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கேன். அந்த மனுசன் வந்து கால்ல விழுந்துட்டாரா?"

"இல்ல. அவரு காலை மடக்கிக்கிட்டாரு."

"என்னடி உளர்ற?"

போர்டில் இரண்டு விளக்குகள் மினுக்கின. "இரு, லைன் வருது. அப்புறம் முழுசாச் சொல்றேன்" என்ற பிலோமினா, ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். அடுத்த அழைப்புக்கு, "நம்பர் ப்ளீஸ்" என்றபோது அவள் குரல் அவளுக்கே புதிதாக ஒலித்தது.