இலிங்கா சொன்ன பதில்

என் தங்கை ஸ்மரண்டா இத்தாலிக்குப் போனபோது அவள் மகள் இலிங்காவுக்கு இரண்டு வயது. படோவா நகரத்தில் படுக்கையோடு கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. புருஷன் அதற்கு முன்பே ஸ்பெயினுக்குப் போய், போனவன் போனவனாகவே இருந்துவிட்டான். எங்கள் ஊர் புசோவில் அந்த நாட்களில் பாதித் தெரு இப்படித்தான் காலியாயிற்று. "ஒரே ஒரு வருஷம் அக்கா" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரொட்டிக்கடையில் வேலை, இரண்டு அறை வீடு. ஒரு வருஷம் ஆறு வருஷமாயிற்று.

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் பத்து நாள் லீவில் வருவாள். சினாயா மலைமேல் இருக்கும் பெலெஷ் கோட்டையைப் பற்றிப் போனில் மகளுக்குக் கதை கதையாகச் சொல்வாள். ஊசிக் கோபுரங்கள், புத்தக அலமாரிக்குப் பின்னால் ரகசியக் கதவு, ராணி ஏறிப்போன மரப்படிகள். "அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டுப் போறேன்" என்று முடிப்பாள். அடுத்த தடவை மழை பெய்யும், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது ஞானஸ்நானம் வந்து நிற்கும். இலிங்காவுக்கு எட்டு வயதான வருஷம்தான் ஒருவழியாக நாள் குறித்தோம்.

முந்தின நாள் மத்தியானம் ஸ்மரண்டா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நானும் அவளும் மட்டும் போயிட்டு வரட்டுமா?"

"ரயில்ல அவளுக்கு வாந்தி வரும். எந்தப் பக்கமாப் பார்த்து உட்கார வைக்கணும்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று தெரிந்துதான் நான் கேட்டேன்.

"சரி, நீயும் வா" என்றாள்.

காலை ரயிலில் கிளம்பி ப்ளொயெஷ்டியில் மாறினோம். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறி, அவித்த முட்டை, தக்காளி எல்லாம் மடியில் விரித்திருந்தேன். ஸ்மரண்டா ஒரு முட்டையை உரித்து மகளிடம் நீட்டினாள்.

"எனக்குப் போதும். நீங்க சாப்பிடுங்க" என்றாள் இலிங்கா.

"அடிப்பாவி, நான் என்ன உன் கணக்கு டீச்சரா? பெத்தவளை யாராச்சும் நீங்க, வாங்கன்னு பேசுவாங்களா?"

இலிங்கா முகம் சிவந்துபோய் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் சிரித்தேன். ஸ்மரண்டாவும் சிரித்தாள். ஆனால் அந்த முட்டையைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

மலை தொடங்கியதும் இலிங்கா எழுந்து பெட்டிக்கு வெளியே நடைவழி ஜன்னலுக்குப் போனாள். அப்போதுதான் ஸ்மரண்டா என் பக்கமாகக் குனிந்தாள்.

"அக்கா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்தப் பாட்டியோட மகன் ஒத்துக்கிட்டார். எனக்குத் தனியா ஒரு ரூம் தர்றாங்க, ரெண்டு பேர் இருக்கலாம். பள்ளிக்கூடம் அடுத்த தெருவுலயே. இலிங்காவை எங்கூட அழைச்சிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

நான் மடியில் இருந்த கறியை மூடி வைத்தேன்.

"இழுத்துட்டெல்லாம் போகமாட்டேன்" என்று அவசரமாகச் சொன்னாள். "கோட்டையில வெச்சுக் கேக்கப் போறேன். வரேன்னா வரட்டும், இல்லேன்னா இல்ல. அவ முடிவுதான். நீ எதுவும் சொல்லிடாத, என்ன?"

"நான் ஏன் சொல்றேன்" என்றேன். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

கோட்டைக்குள் போகும்முன் செருப்புக்கு மேலே கம்பளி உறை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மெழுகு போட்ட தரையில் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. சுற்றிக்காட்டிய அம்மாள் வாள்களையும் கவசங்களையும் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பெரிய கண்ணாடிகள் மாட்டிய ஒரு கூடத்தில், கூட்டம் முன்னால் போனதும், ஸ்மரண்டா மகளின் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு இழு இழுத்தாள். இரண்டு பேரும் சறுக்கிக்கொண்டே அந்தக் கோடிவரை போனார்கள்.

"அம்மா, அம்மா, விடாத! நீ விழுந்துடப் போற!" என்று இலிங்கா கத்தினாள்.

சுற்றிக்காட்டிய அம்மாள் திரும்பி வந்து, "இது ராஜா வீடும்மா, சறுக்கு மைதானம் இல்ல" என்று கடிந்துகொண்டாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பை அடக்கினார்கள். ஒரே மாதிரிச் சிரிப்பு. ஆறு வருஷத்தில் அந்தக் குழந்தை என்னோடு அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. நான் அவளுக்குச் சோறூட்டினேன், காய்ச்சலில் கூடவே உட்கார்ந்திருந்தேன், பேன் பார்த்தேன். சறுக்கி விளையாடவில்லை.

அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடிக்கவேயில்லை. ரகசியக் கதவைப் பார்க்கும்போதும் அம்மாவின் பாவாடையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போனேன். நீளமான வரிசை. ஸ்மரண்டா தோட்டத்துக் கல்பெஞ்சில் இடம் பிடிக்கப் போயிருந்தாள். வரிசையில் நின்றபடியே நான் குனிந்து இலிங்காவின் காலரைச் சரிசெய்தேன்.

"அம்மா உங்கிட்ட ஒண்ணு கேப்பா. எங்கூட இத்தாலிக்கு வர்றியான்னு."

அவள் கண் விரிந்தது.

"அங்க அம்மாவுக்கு நாள் முழுக்க வேலை. நீ ஒரு ரூம்ல தனியாத்தான் அடைஞ்சு கிடக்கணும். அவங்க பேசறது ஒண்ணும் உனக்குப் புரியாது. அப்புறம் நான் இங்க ஒத்தையில என்ன பண்ணுவேன், சொல்லு?"

"நீயும் வாயேன் பெரியம்மா."

"என்னை யாரு கூப்பிட்டா? அம்மா கேட்டா, வேணாம்மா, நான் இங்கயே இருக்கேன்னு சொல்லிடு. நான் சொல்லிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத."

காலரின் நுனியைத் திருகினாள். பிறகு, "வேணாம்னா அம்மா அழுவாளா?" என்று கேட்டாள்.

"பெரியவங்க இதுக்கெல்லாம் அழமாட்டாங்க" என்றேன்.

கல்பெஞ்சில் ஸ்மரண்டா மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள். எப்படிக் கேட்பது என்று பல நாள் ஒத்திகை பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், தெருமுனையில் ஐஸ்கிரீம் கடை இருக்கிறது என்றாள், கட்டில் ஜன்னல் பக்கமாக இருக்கும் என்றாள். "வர்றியாடா கண்ணு?" என்று கடைசியில் கேட்டாள்.

இலிங்கா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு போதும். 'போ' என்று நான் சொல்லியிருக்கலாம். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"வேணாம்மா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள், பாடம் ஒப்பிப்பதுபோல.

ஸ்மரண்டா அழவில்லை. "சரிடா, சரி. உனக்கு எது பிடிக்குதோ அது" என்று அவள் தலையைத் தடவினாள். எழுந்துபோய் மூன்று பேருக்கும் வேகவைத்த சோளம் வாங்கி வந்தாள். தன்னுடையதைத் தின்னாமலே, காடு வழியாக இறங்கும் பாதையில் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்துபோனாள். ரயிலில் இலிங்கா என் மடியில் படுத்துத் தூங்கினாள். எனக்கு அப்போது இருந்தது நிம்மதிதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு இரண்டு கோடைக்கு வந்தாள். அதற்கப்புறம் அங்கேயே ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு பையன் பிறந்தான். வருகை நின்றது. போன் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் என்று சுருங்கியது. மகளை அழைத்துக்கொள்வதைப் பற்றி அவள் மறுபடி பேசவேயில்லை.

இலிங்காவுக்கு இப்போது இருபத்துநாலு. க்ளுஜ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். போன ஈஸ்டருக்கு வந்தவள், பண்டிகை வழக்கப்படி முட்டைக்குச் சிவப்புச் சாயம் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அன்னிக்குக் கோட்டையில எனக்கு அம்மாகூடப் போகணும்னுதான் இருந்துச்சு பெரியம்மா. நீ சொன்னதைக் கேட்டதுமே மனசுக்குள்ள மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்புறமாவது அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமேடி?"

"நீதானே சொல்லாதன்னு சொன்ன."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் ஸ்மரண்டாவுக்குப் போன் செய்தேன். வரிசையில் நின்றது, காலரைச் சரிசெய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று, "ஸ்மரண்டா, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். "அந்த ரூமுக்கு நான் மஞ்சப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருந்தேன் அக்கா. ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, நானே."

மன்னித்துவிடு என்றேன். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போலக் கூப்பிட்டாள். பனி விழுகிறதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.