அந்த 'ஹீ' யார்?

தீர்த்தகிரி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து மனைவி மேகலாவின் குரல் வந்தது.

"ஹீ கம்ஸ் டு த கேட். ஹீ வெயிட்ஸ் ஃபார் மீ. ஹீ லைக்ஸ் டீ."

பீன்ஸ் நறுக்கியபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. லைன் லீடர் ஆகி ஒரு வரிசையை மேற்பார்க்க வேண்டுமானால் இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்று சொல்லி, கம்பெனியே ஞாயிறுதோறும் வகுப்பு வைத்திருந்தது. ஹீ, ஷீ வந்தால் வினைச்சொல்லோடு ஒரு 'ஸ்' சேர வேண்டும். ஐ, யூ, தே வந்தால் கூடாது. அந்த 'ஸ்' நாக்கில் நிற்கும்வரை மேகலா விடுவதாக இல்லை.

தீர்த்தகிரியின் காதில் 'ஸ்' விழவில்லை. 'ஹீ' மட்டும் விழுந்தது. பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அவனுக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும். ஒருத்தன் கேட்டுக்கு வருகிறான், இவளுக்காகக் காத்திருக்கிறான். யார் அவன்? காவேரிப்பட்டினத்தில் அவன் அம்மா 'அவரு' என்றால் அது அப்பா மட்டும்தான். வேறு யாரையும் அவள் பேரில்லாமல் சொல்லிக் கேட்டதில்லை.

"உங்க வாத்தியாரு பேரு என்ன?" என்றான்.

"ராஜசேகர் சார். எங்க ஆபீஸ்லதான் இருக்காரு. ஏங்க?"

"சும்மாதான்."

அடுத்த வாரம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, அவள் கம்பெனி கேட்டுக்கு எதிரே திம்மப்பன் டீக்கடையில் ஹெல்மெட்டும் கையுமாகப் போய் நின்றான். டூட்டி இல்லையா என்று திம்மப்பன் தெலுங்கில் கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றான்.

பஸ்ஸிலிருந்து மேகலா இறங்கினாள். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினான்; "ராஜசேகர் சார்" என்று அவள் கும்பிட்டது காதில் விழுந்தது. அவள் ஏதோ சொன்னாள். அவன் விரலை ஆட்டித் திருத்தினான். மேகலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துத் தீர்த்தகிரி பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கையிலிருந்த டீ ஆறிப்போனது.

வீட்டில் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளை வகுப்பில் விடப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. "உள்ள வந்து உக்காருங்க சார்" என்று ராஜசேகரே கூப்பிட்டான். தீர்த்தகிரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

யாராவது ஒருவரைப்பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும், 'ஸ்' விடக்கூடாது என்றான் ராஜசேகர். மேகலா எழுந்தாள். வாத்தியாரைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"ஹீ ஃபாலோஸ் மீ. ஹீ ஸ்டாண்ட்ஸ் இன் த டீ ஷாப். ஹீ டஸ் நாட் ஆஸ்க் மீ."

"வெரி குட்! டஸ் வந்தா ஆஸ்க்குக்கு ஸ் வராது, கரெக்டா சொன்னீங்க" என்று ராஜசேகர் கைதட்ட, வகுப்பே கைதட்டியது. தீர்த்தகிரிக்கு முகம் தீயாய் எரிந்தது.

திரும்பும் வழியில், பாகலூர் சாலையில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான்.

"பாத்துட்டியா என்னை?"

"உங்க ஹெல்மெட்டு எனக்குத் தெரியாதா?"

"கேட்டுல காத்திருக்கிற அந்த ஹீ யாரு?"

"பாடத்துல வர்ற ஆளுங்க அது. பேருகூட கெடையாது. இதைக் கேக்க இத்தனை நாளா?"

"அப்ப அன்னிக்கி அப்படிச் சிரிச்சியே?"

"லைக்ஸ்னு சொல்றதுக்குப் பதிலா லிக்ஸ்னு சொல்லிட்டேன். அவன் டீயை நக்குறான்னு ஆயிப்போச்சு."

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்போனது.

"அதை என்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன் இல்ல?"

"நான் என்ன படிக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? வாத்தியாரு பேரைத்தானே கேட்டீங்க!" தீர்த்தகிரி ஈரமான இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "ஏறு" என்றான் மெதுவாக.

தீபாவளிக்கு முன்பே மேகலா லைன் லீடர் ஆகிவிட்டாள். ராஜசேகர் பேர் எடுத்தால் தீர்த்தகிரிக்கு இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ஒளிந்து நிற்பதில்லை; "அந்த ஆளு இன்னிக்கி என்ன சொன்னான்?" என்று நேராகக் கேட்டுவிடுகிறான். அவளும் சில நாள் பொறுமையாக, சில நாள் எரிச்சலோடு, பதில் சொல்கிறாள்.