தாளில் இல்லாத சத்தம்

எனக்கு வந்திருந்த வயிற்று வலியை ஏ4 தாளில் டைப் அடித்துக் கொடுத்தார்கள். பெயர் செல்வி, வயது நாற்பத்தாறு, ஊர் சேத்தியாத்தோப்பு. இரண்டு நாளாக வலது மேல் வயிற்றில் வலி, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் கூடுகிறது, நேற்று ஒரு முறை வாந்தி. அமுக்கினால் முகம் சுளிக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது அமுக்கினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுளிக்க வேண்டும். கடைசி வரியில் 'இதயம், நுரையீரல்: இயல்பு' என்று போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வலியில் கிடக்கிறவள் சிரிக்கக் கூடாது என்பதால் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

வடலூர் போகும் ரோட்டில் இருக்கிற டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் ஐ.சி.யூ. இன்சார்ஜ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சொந்த ஊர் சாத்தூர். வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில், கரியை ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை என்பதால் கல்யாணமானதும் இங்கே வந்து, குவார்ட்டர்ஸிலேயே குடித்தனம் நடத்தி, ஒரு பிள்ளையையும் வளர்த்து சென்னைக்கு அனுப்பியாயிற்று. 2017-ல் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பயிற்சி வந்தது. அனுபவமுள்ள நர்ஸுகள் எங்கேயும் போக வேண்டாம், தங்கள் ஐ.சி.யூ.விலேயே வேலை பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் டாக்டரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். பாஸானால் நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை பரிசோதித்து, இன்ன கோளாறு என்று சொல்லி, சில மருந்துகளைத் தாங்களே எழுதலாம். சுற்றறிக்கையைப் படித்தபோது, யாரோ என்னை நினைத்தே அதை எழுதினார்கள் என்று நம்பினேன். கீழே ஒரு வரி இருந்தது. பி.எஸ்சி. பட்டம் கட்டாயம். நான் மூன்று வருஷ டிப்ளமோ.

இடம் மணிமொழிக்குப் போனது. பத்து வருஷத்துக்கு முன் காண்ட்ராக்டில் வந்து சேர்ந்தவள். மைன்ஸுக்கு நிலம் போன ஊர்களில் ஒன்று அவளுடையது. நிலம் என்றாலும் அவர்களுடைய நிலம் இல்லை, அவர்கள் கூலிக்கு இறங்கிய நிலம். நஷ்ட ஈடு நிலக்காரருக்கு, இவர்களுக்கு வேறு வேலை தேடும் பாடு. இடையில் எப்போது படித்தாளோ, பட்டத்தை வாங்கி வைத்திருந்தாள். நேற்று வரைக்கும் என்னிடம் வந்து, "அக்கா, இந்த டிரிப்பு எம்மா நேரத்துல எறங்கணும்?" என்று கேட்டவள். இப்படிச் சொல்வது அற்பம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு வருஷம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொறாமை பெரிய விஷயங்களில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு டீயில் வந்தது. எங்களுக்கு டீ எவர்சில்வர் டம்ளரில் வரும், டாக்டர்கள் அறைக்குப் பீங்கான் கப்பில் போகும். பயிற்சி தொடங்கிய மூன்றாம் மாதம் அவளுக்கும் கப்பில் வந்தது. அப்புறம் மெரூன் கலரில் ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கினாள். அப்புறம் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்னைத் தாண்டிக்கொண்டு, "சின்ன டாக்டரம்மா வந்துட்டாங்களா? எங்க வூட்டுக்காரர ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என்னிடமே கேட்டார்கள். நான் போய் அவளை அழைத்துவர வேண்டும்.

இதைவிடக் கொடுமை லாக் புக். அவள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதில் எழுதி, பக்கத்தில் நின்று பார்த்த சீனியர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டருக்கு நேரம் இல்லாதபோது அந்தச் சீனியர் தமயந்தி சிஸ்டராகிய நான்தான். மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்தது, தமயந்தி. மூச்சுக்குழாய் மாற்றியது, தமயந்தி. நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைகளை அவள் செய்ததாக நானே இருநூறு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சில சமயம் வேண்டுமென்றே மூன்று நாள் புத்தகத்தை மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். "அவசரமில்லக்கா, நீங்க சாப்ட்டு வந்து பொறுமையா போடுங்க" என்பாள். ஒரு நாள் நாலாம் பெட்டில் இருந்த பெரியவரின் மூச்சு போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை, அவளிடம் சொன்னேன். அவள் அதை டாக்டரின் பாஷையில் டாக்டரிடம் சொன்னாள். "வெரி குட் மணிமொழி" என்றார் அவர். "அக்காதான் சார் மொதல்ல பாத்தாங்க" என்று அவள் உடனே சொன்னாள். அவர் அதற்குள் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். என் இதயம் இயல்பு இல்லை. பதினோரு வயதில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது. லேசான சுருக்கம்தான். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன். அவரைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை குலதெய்வம் கோயிலுக்கு என்று லீவு எழுதிவிட்டு பாண்டிச்சேரி போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருவேன். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் செக்கப் என்பது ஒரு பேப்பர் கட்டு. அதை நான்தான் டாக்டரிடம் எடுத்துப் போவேன், அவர் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். தெரிந்தால் ஐ.சி.யூ.வில் விடமாட்டார்கள். முதுகுத்தண்டு தேய்ந்த ருக்குமணி சிஸ்டரை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். நாலு வருஷமாக ஃபைலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஐ.சி.யூ. இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றும் தோன்றுவதில்லை.

பயிற்சியின் கடைசிப் பரீட்சை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது, அதில் நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் படுக்கிறேன் என்றேன். தெரிந்த முகமாயிற்றே என்று யாரோ இழுத்தார்கள். முகம் தெரிந்தால் என்ன, வயிறு புதுசுதானே என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டேன். என் கணக்கு இதுதான். மணிமொழி என் வால்வின் சத்தத்தைத் தவறவிடுவாள். அப்படியானால் இவ்வளவுதான் இவள் என்று எனக்காவது தெரிந்துபோகும். அல்லது, அவள் காதில் விழுந்து சொல்லிவிடுவாள். பரீட்சகர் கையில் இருக்கும் தாளில் இதயம் இயல்பு என்றிருக்கிறது. தாளில் இல்லாததைச் சொன்னால் மார்க் போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு லாபம். அவர் எழுந்து வந்து என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பாரா? ஐந்து பேரை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் யார் பார்ப்பார்கள்?

காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் பாதி சொன்னேன். நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி? நெஞ்சக் கொண்டுபோய் அவங்க முன்னால நீட்டப் போறியா?"

"தாள்ல நார்மல்னு இருக்கு. நார்மல்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"ஒருத்தரும் கேக்கலன்னா நல்லதுதான்" என்றார். யார் காதிலும் விழாமல் போனால் நீ சந்தோஷப்படுவாயா என்று அவர் கேட்கவில்லை.

பரீட்சகர் டாக்டர் கருணாகரன் வெளியூர்க்காரர். கால்மாட்டில் நாற்காலி போட்டு, மடியில் அட்டை, அட்டையில் தாள், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். முதலில் வந்த மூன்று பேரும் வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவர்கள். நெஞ்சில் நாலு இடத்தில், இடத்துக்கு மூன்று நொடி ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தார்கள். "ஹார்ட் சவுண்ட்ஸ் நார்மல் சார்." டிக். வயிற்றை அமுக்கினார்கள், நான் சுளித்தேன். டிக். மூன்றாவது ஆள் அமுக்கும் முன்பே சுளித்துவிட்டேன், அவருக்கும் டிக். இவர்களைக் கண்டு எனக்குப் பொறாமை வரவில்லை என்பதை அங்கே படுத்துக்கொண்டே கவனித்தேன்.

நாலாவதாக மணிமொழி வந்தாள். வெள்ளைக் கோட்டு, மெரூன் ஸ்டெதஸ்கோப். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, "வணக்கம்மா, என் பேரு மணிமொழி. ஒங்கள பரிசோதன பண்ணலாமாம்மா?" என்றாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து எனக்கு 'அக்கா' வரவில்லை. நானும் செல்வியாக முனகினேன். கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள். கண் இமையை இறக்கிப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், நாடியைப் பிடித்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ணினாள். அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று பரீட்சகர் கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். நாலாவது இடத்தில், இடது மார்புக்குக் கீழே, கை நின்றுவிட்டது. அவள் கண் என் முகத்தில் இல்லை, சுவரில் இருந்தது. காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மல்லாந்து படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்பது சுலபமில்லை. தனியாக இருக்கும்போது நானே பல தடவை ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தேடியிருக்கிறேன், இடது பக்கம் சாய்ந்தால்தான் பிடிபடும். காற்று மைன்ஸ் பக்கமிருந்து அடிக்கும்போது குவார்ட்டர்ஸில் கேட்குமே, தூரத்துக் கன்வேயரின் உறுமல், அந்த மாதிரி. இங்கேயே இருக்கிறவர்களுக்கு அது காதில் ஏறுவதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக டாக்டர்களோடு தினம் பேசிச் சிரித்து நின்ற நெஞ்சு இது. ஒருவரும் கேட்கவில்லை. இவள் கேட்டுவிட்டாள். பட்டம், கப்பு, கோட்டு எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் காதின் மேல் எனக்கு வந்த பொறாமையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்விக்கு வலி என்று நினைத்திருப்பார்கள்.

மணிமொழி ஸ்டெதஸ்கோப்பின் முனையைத் திருப்பி, தாழ்ந்த சத்தங்களைக் கேட்பதற்கான சின்ன வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினாள்.

"அம்மா, கொஞ்சம் இடது பக்கமா திரும்பிப் படுங்க."

"ஹார்ட் முடிஞ்சுதுல்ல? வயித்துக்குப் போங்க. அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றார் கருணாகரன்.

"ஒரு நிமிஷம் சார். இன்னும் முடிக்கல."

இதற்கும் நான் தயாராகத்தான் வந்திருந்தேன். "வலிக்குதும்மா. திரும்ப முடியல" என்றேன். தாளுக்கு ஏற்ற பதில், யாரும் குறை சொல்ல முடியாது. அவள் குனிந்தாள். கோட்டிலிருந்து சோப்பு வாசனை வந்தது.

"அக்கா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "முடியலன்னா வேணாம். ஆனா நார்மல்னு நான் சொல்ல மாட்டேன்."

மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. லாக் புக்கில் பொறுமையாகக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்கிற அதே குரல். நான் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்னவோ சத்தம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பாள். அவர் தாளைப் பார்ப்பார், மார்க்கைக் குறைப்பார், வயிற்றுக்கு நேரம் பத்தாமல் அதிலும் போகும். இரண்டு வருஷம் வீண். திங்கள்கிழமை அவளுக்கும் டம்ளரில் டீ வரும். நான் கேட்டதெல்லாம் அதுதானே. அசையாமல் படுத்திருந்தால் போதும். அவள் நிமிர்ந்து, காதிலிருந்து குழாயை எடுக்காமல், காத்திருந்தாள். சின்ன வட்டம் இன்னும் அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. சூடாகியிருக்கும். அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஒருத்தி என் இதயத்தைப் பற்றிப் பேசப் போகிறாள் என்பதுதான், கடைசியில், எனக்குத் தாங்கவில்லை.

நான் திரும்பினேன். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு, அவள் சொல்லும் முன்பே, மூச்சை முழுதாக வெளியே விட்டு நிறுத்தினேன். அப்படி நிறுத்தினால்தான் சத்தம் நன்றாக எழும்பும். சேத்தியாத்தோப்பு செல்விக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதுகுக்குப் பின்னால் மணிமொழியின் மூச்சும் ஒரு கணம் நின்றது. பிறகு அந்த வட்டம் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. சூடாகத்தான் இருந்தது.

என் முகத்துக்கு நேரே சுவர். அதில் பழைய காலண்டரின் ஆணி ஒன்று மட்டும் இருந்தது. கால்மாட்டில் அட்டையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். பரீட்சகர் எழுந்து என் பக்கம் வருகிறார். நான் மூச்சை இன்னும் இழுக்கவில்லை.