மூடாத கீறல்

ராணித் தேனீக்கு மற்றத் தேனீக்கள் ஊட்டும் வெள்ளைக் கூழில் உள்ள ஒரு புரதத்தை, குருபோங் என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட்டுக்குள் வளர்த்தெடுத்துக்கொண்டிருந்தாள் அகல்யா. கண்ணாடித் தட்டில் மனிதத் தோல் செல்களைப் பரப்பி, நடுவே ஒரு கோடு கீறி, அந்தப் புரதத்தை விட்டால் மறுநாளுக்குள் கீறல் மூடிக்கொள்ளும். அந்தப் படத்தை அக்கா மலர்விழிக்கு அனுப்பியதுதான் வினையாகிப்போனது.

மலர்விழி கிளேபாங்கில் சாலையோரக் கடை போட்டு மீ கோரேங் எனும் வறுத்த நூடுல்ஸ் விற்பவள். நாளெல்லாம் நின்ற கால். சர்க்கரை நோய் வேறு. பெருவிரல் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. விரலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே தங்கையைத் தேடி வந்துவிட்டாள்.

"உன் மருந்த கொஞ்சம் போட்டு விடு லா."

"அது இன்னும் மருந்து இல்லக்கா. மனுசங்களுக்கு யாரும் போட்டுப் பார்க்கல."

"போகப்போற விரலுதானே? இனிமே என்ன ஆகிடப்போகுது?"

"கிருமி ஏறிச்சுன்னா காலே போயிடும்க்கா. என்னால முடியாது."

மலர்விழி எழுந்து போய்விட்டாள். அறுவை சிகிச்சைக்குக் கணவன் ஷங்கரை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். அகல்யாவின் அழைப்புகளை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அகல்யாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இதுவரை சோதித்ததெல்லாம் நல்ல நிலையில் வளர்ந்த செல்கள்; சர்க்கரை ஏறிய உடம்பில் இது வேலை செய்யுமா? சர்க்கரை மிகுந்த கரைசலில் செல்களை வளர்த்து, கீறி, புரதத்தை விட்டாள். மறுநாள் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். திரும்பத் திரும்பச் செய்தும் கீறல் மூடவே இல்லை. தான் மறுத்தது சரிதான் என்று ஆனது; ஆனால் அதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

கிளேபாங்குக்குப் போனாள். கட்டுப்போட்ட காலை நீட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி மலர்விழி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சக்கர அதிகமா இருந்தா அது வேலை செய்யலக்கா. போட்டிருந்தாலும் ஆறியிருக்காதுன்னுதான் தோணுது."

கரண்டி நின்றது. "அது தெரிஞ்சுதான் அன்னைக்கு மாட்டேன்னியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனத்தாங்கல் தீர்ந்துவிடும்.

"இல்லக்கா. அப்ப எனக்கும் தெரியாது. பயந்துதான் சொன்னேன்."

மலர்விழி அடுப்பைத் தணித்தாள். தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ஒம்போது விரலு இருக்கு. அதுக்குள்ள சக்கரையிலயும் மூடுற மாதிரி செஞ்சிடு."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அகல்யா தலையசைத்துவிட்டு, நிரம்பிய தட்டுகளை எடுத்து, காத்திருந்தவர்களிடம் கொண்டுபோனாள்.