கடல் ஏறிய நேரம்

அண்ணனின் வலது கையில் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, தோல் வெந்ததுபோல உரிந்திருந்தது. ஆற்றுச் சேற்றுக்குள் கைவிட்டு நண்டு பிடிக்கிறவன். கை போனால் பிழைப்பும் போயிற்று. அந்த ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவு கலக்கவே இல்லை என்று மூன்று வருடமாகச் அதிகாரி கையெழுத்தோடு சான்று கொடுப்பது எங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவது நான்.

"நீ எப்பதான் தண்ணி எடுப்ப?" என்றான்.

"அதிகாரி சொல்ற தேதியில. காலைல பத்து மணிக்கு."

தேதிகளைக் கேட்டுக் கேட்டு, இடது கையால் காலண்டரைப் புரட்டினான். ஒவ்வொன்றும் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மறுநாள்.

"அன்னிக்கெல்லாம் பத்து மணிக்குக் கடல் ஏறி ஆத்துக்குள்ள நிக்கும்டி. நீ புடிச்சது பூரா கடல் தண்ணி. இங்கயே பொறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். கடல் வற்றும் நேரம் பார்த்து அவனோடு மட்டிச் சிப்பி பொறுக்கியவள் நான். சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன். என்னை முட்டாளாக்கிய அதிகாரி மேல் இருந்ததைவிட என் மேல்தான் ஆத்திரம் அதிகம்.

மறுநாள் சாயங்காலம், கடல் முழுதாக வற்றியதும், முழங்கால்வரை இறங்கிப் பிடித்தேன். பாட்டிலுக்குள் வந்ததைத் தண்ணீர் என்று சொல்ல வாய் வரவில்லை. நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி, காலையில் அதிகாரியின் மேசைமேல் வைத்தேன்.

"யாரும்மா உன்ன சாயங்காலம் போகச் சொன்னது? இதக் கீழ ஊத்து. நான் சொல்றப்ப போய் எடுத்தா போதும்."

"ஊத்த மாட்டேன் சார்."

"வேலை வேணுமா வேணாமா?"

அவரே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போனார். மூடியைத் திருகிய அவசரத்தில் அது அவர் கைமேலேயே கொட்டியது. "ஐயய்யோ" என்று பாட்டிலைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுக் குழாய்க்குக் கை நீட்டினார். அதற்குள் நான் குழாயைத் திறக்கவிடாமல் பிடித்துவிட்டேன்.

"ஏன் சார் பதறுறீங்க? சுத்தமான தண்ணின்னு நாம ரெண்டு பேரும்தானே கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"தள்ளும்மா. எரியுது."

அவர் விரல்களிலிருந்து கருப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் இருந்த பாட்டிலில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. குழாயைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.