வியாழக்கிழமைச் சேறு

ஆர்சீலியா பௌடனை நாங்கள் சனிக்கிழமை புதைத்தோம். அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அவள் வந்து நின்றாள். எனக்கு இருந்த ஒரே வருத்தம், காலைத் துடைக்காமல் வந்தாளே என்பதுதான். அப்போதுதான் தாழ்வாரம் முழுவதையும் துடைத்து முடித்திருந்தேன்.

மிசிசிப்பியில், டல்லிவர் கவுண்டியின் கோர்ட்டுக் கட்டடத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. வியாழக்கிழமை மட்டும்தான் பெயர் பதிவு. பதிகிறவர் ஸ்ட்ரிக்லண்ட் துரை. வெள்ளைக்காரர் வந்தால் பெயரைக் கேட்டு எழுதிவிடுவார். கறுப்பர்களாகிய நாங்கள் போனால் அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வார். படித்தால் விளக்கச் சொல்வார். விளக்கினால் சாப்பிடப் போய்விடுவார்.

ஆண்கள் போனால் வேலை போகும், குத்தகை நிலம் போகும் என்று எங்கள் தேவாலயச் சபையில் பேசி முடிவானது. ஆகவே பெண்கள் போனார்கள். அவர்களுக்கு வேலையே கிடையாது என்பது போல. ஆர்சீலியா ஏழு வெள்ளைக்கார வீடுகளுக்குத் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். முதல் வியாழன் போய்வந்ததும் ஏழு வீடு நான்கானது. மூன்றாம் வியாழன் ஒன்றும் இல்லை. அதன்பிறகு வரிசையில் நிற்க அவளுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

இருபத்து மூன்றாவது தடவை அவள் வந்தது ஆகஸ்டில். எங்கள் வரிசை வெளியே, படிக்கட்டில், வெயிலில். குடிநீர்க் குழாய் உள்ளே, 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைக்குக் கீழே. வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, "லூஷஸு, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாடா," என்றாள்.

"துரை சாப்பிடப் போவட்டும்க்கா. கொண்டாறேன்."

துரை சாப்பிடப் போனார். நான் டம்ளரோடு வெளியே வந்தபோது அவளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

இது நடந்து ஏழாம் நாள்தான் சேற்றுக் காலோடு வந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் வெர்டெல், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கைப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அக்கா... உன்னப் பொதச்சோமே."

"பொதச்சீங்க. அதுக்காக வரிசைல என் எடத்த விட்டுருவேனா? தள்ளிக்கடி."

ஸ்ட்ரிக்லண்ட் துரை அலறியடித்து ஓடுவார் என்று கதவோரம் காத்திருந்தேன். ஓடவில்லை. இருபத்து மூன்று வாரமும் அவர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார். எங்கள் பெண்களின் முகத்தைப் பார்ப்பது அவர் வாங்கும் சம்பளத்தில் சேர்ந்ததில்லை.

"ஏய் ஆர்சீலியா, மறுபடியுமா?"

"மிசஸ் பௌடன், சார்."

"இந்தக் கட்டடத்துல எத்தன செங்கல் இருக்கு, சொல்லு."

"தெரியாது சார்."

"அப்பப் போயிட்டு அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் வந்தாள். "நாப்பத்தோராயிரத்து எரநூத்தி ஆறு, சார். மேக்கால செவுத்துக்குள்ள மூணு ஒடஞ்சிருக்கு. அடுக்கினதே எங்க தாத்தாதான். இப்பப் பக்கத்துலதான படுத்திருக்காரு, கேட்டேன். கூலிதான் தரலயாம். அடிமைக்கு ஏது கூலி?"

அப்போதும் துரை நிமிரவில்லை. மைப்புட்டியில் மை உறைந்துபோயிருந்தது, அதுவும் செப்டம்பரில். ஜன்னலை எவன் திறந்துவைத்தது என்று என்னைத் திட்டினார். நான் மூடியிருந்த ஜன்னலை இன்னொரு முறை மூடினேன். வெர்டெல் மட்டும் அந்த மைப்புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் துரை கொஞ்சம் யோசித்துக் கேட்டார். "இந்தக் கவுண்டில மொத்தம் எத்தன வாக்காளர்?"

"நாலாயிரத்து முந்நூத்திப் பதினெட்டு. அதுல நூத்திப் பன்னெண்டு பேரு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்காங்க."

"எந்த வேலி?"

"கல்லறைத் தோட்டத்து வேலி, சார். எங்காளுங்க இந்தப் பக்கம், உங்காளுங்க அந்தப் பக்கம். கர்னல் விட்ஃபீல்ட் செத்து முப்பத்தோரு வருசம் ஆச்சாம். ஒரு தேர்தல் விடாம ஓட்டுப் போட்டிருக்காராம். போன தடவ இந்த ஷெரீஃபுக்குப் போட்டதுதான் அவருக்குப் புடிக்கலயாம். 'என்ன ஒரு வார்த்த கேட்டானா அந்த ஸ்ட்ரிக்லண்டு?'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு."

துரை நிமிர்ந்தார்.

அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகு. புதைக்கும்போது பின்பக்கம் வெட்டி, ஊசி குத்திப் போர்த்திய ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. ஊசிகளில் இரண்டு கழன்றிருந்தன. அந்த இடைவெளியில் முதுகு இருக்கவேண்டிய இடத்தில் துரையின் மேஜை தெரிந்தது.

"நீ... நீ செத்தவ."

"ஆமா சார். செத்தவங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னா அந்த நூத்திப் பன்னெண்டு பேரையும் அடிச்சிருங்க. போடலாம்னா என்னையும் எழுதிக்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரின் கள்ள ஓட்டு இல்லாமல் ஷெரீஃபும் இல்லை, துரையும் இல்லை. பேனாவை எடுத்தார்.

"முழுப் பேரு சொல்லுங்க... மிசஸ் பௌடன்."

பேனா காகிதத்தில் கீறும் சத்தம் தாழ்வாரத்தின் கடைசிவரை கேட்டது.

அடுத்தது வெர்டெல். அவளும் பின்னால் நின்ற பன்னிரண்டு பெண்களும் சபைக்குப் போடும் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார்கள். கையுறைக்குள் மீன் வண்டியில் வாங்கிய ஐஸ் கட்டி. செருப்பில் கல்லறைத் தோட்டத்துச் சேறு. பேனாவை வாங்கும் சாக்கில் வெர்டெல் துரையின் விரலை மெல்லத் தொட்டாள்.

"நீ உசுரோட இருக்கியா?" துரை காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அத நீங்கதான் சார் முகத்தப் பாத்துச் சொல்லணும்."

பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பத்தி இல்லை, விளக்கம் இல்லை, செங்கல் இல்லை. பதின்மூன்று பெயரையும் வரிசையாக எழுதிக்கொடுத்தார். பதினைந்தாவது பெயர் என்னுடையது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். என் பெயர் ஏறியது மூன்று வருஷம் கழித்து, வாக்குரிமைச் சட்டம் வந்து, பயம் போன பிறகு. அதற்காக, பெண்கள் பெயர் ஏறிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை சபையில் மேடையேறி நம் ஆண்களின் துணிச்சலைப் பற்றி நான் பேசாமல் இருந்துவிடவில்லை. எனக்கு முன் இரண்டு பேர் பேசினார்கள். வெர்டெல் அடுப்படியில் கோழி வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு, வெளியே போகத் திரும்பிய ஆர்சீலியா என் எதிரே வந்து நின்றாள்.

"லூஷஸு, தொர இன்னும் சாப்பிடப் போவலடா."

துரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஷெரீஃபின் ஆட்கள் இருவர் வாசலில் நின்றார்கள். அந்தப் பலகைக்குக் கீழே போய்க் குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பினேன். பாதி வரும் வழியில் சிந்தியது. மீதியை அவள் அண்ணாந்து குடித்தாள். குடித்த தண்ணீர் உடுப்பின் பின்பக்கமாக வழிந்து தரையில் சொட்டியது.

"தாகம் அடங்கலடா," என்றாள்.

பலகையை எடுத்துவிட்டார்கள். தரையை மாற்றிவிட்டார்கள். நானும் ஓய்வுபெற்று இருபது வருஷம் ஆகிவிட்டது. வியாழக்கிழமைகளில் குழாயடியில் தண்ணீர் தேங்குகிறது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் புகார் சொல்கிறார்கள். குழாய் ரிப்பேர்காரர் நான்கு முறை வந்து பார்த்துவிட்டு, குழாயில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் இப்போதும் வியாழன்தோறும் பத்து மணிக்கு டம்ளரோடு போய்விடுவேன். காய்ச்சல் வந்து இரண்டு வியாழக்கிழமை போகமுடியவில்லை. இரண்டு நாளும் என் கட்டிலிலிருந்து வாசல்வரை சேற்றுக் கால்தடம் இருந்தது. என் பெண்டாட்டி துடைத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளும் வெர்டெலுக்குப் பின்னால் நின்ற அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி.